ஒசாகாவில் நிற்காத வண்டி

செம்மேட்டில் பஸ் கிளம்பும் நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு டீ குடிக்கத் தோன்றும். டிரைவர் ஹார்ன் அடிப்பார். நான் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, "ஆள் வருதுங்க, இருங்க" என்பேன். பஸ்ஸும் நிற்கும். முப்பது வருஷமாகக் கொல்லிமலையில் இப்படியே ஏறி இறங்கிவிட்டு, அதே பழக்கத்தோடு ஒசாகாவுக்கும் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே வேலை பார்க்கும் எங்கள் மகனுக்கு, நாங்கள் இருந்த ஒரு வாரத்தில் கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு. கடலோரம் கூட்டிப்போகிறேன் என்றான். எனக்குக் கடல் பெரிதில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் முழுக்க அவன் பக்கத்தில் இருக்கலாம், அதுதான்.

ரயில் வந்தது. நானும் மகனும் ஏறிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் இவர் பிளாட்பாரத்தில் டீ விற்கும் மெஷின் முன்னால் நிதானமாக நிற்கிறார்! பற்றிக்கொண்டு வந்தது. கதவுக்கு வெளியே கையை நீட்டி ரயிலைப் படபடவென்று தட்டினேன். "இருங்க, ஆள் வருதுங்க!"

"அம்மா, கையை எடுங்க!" என்று மகன் என்னை உள்ளே இழுத்தான். கதவு மூடிக்கொண்டது. பெட்டியில் ஒருவர்கூட எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கியதும், திரும்பிப் போகலாம் என்றான் மகன். நான்தான் கேட்கவில்லை. "அடுத்த வண்டியில வந்துருவாரு சாமி" என்று அவனைப் பிடித்து நிறுத்தினேன். அவர் வரத்தான் செய்தார். ஆனால் ஏறியது விரைவு ரயில். எங்கள் கண்ணெதிரே நிற்காமல் போன அந்த ரயிலுக்குள் அவர் இருந்தார் என்பதே பிறகுதான் தெரிந்தது. போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த புண்ணியவான்.

மகன் ஒவ்வொரு நிலையமாக ஓடி, சீருடைக்காரர்கள் முன் குனிந்து குனிந்து விசாரித்தான். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மூன்று மணிக்கு, எங்கோ கடைசி நிலையத்து அலுவலக அறையில், அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு இருந்தார் இவர். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் வெடித்துவிட்டான்.

"இதுக்குத்தான் வர வேண்டாம்னு சொன்னேன்!"

அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் விட்டுவிட்டு, நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி சாமி. நீ நாளைக்கு வேலைக்குப் போ. நாங்க ஊட்டுலயே இருந்துக்கறோம்."

அப்படியே இருந்தோம். மீதி நான்கு நாளும் ஆறாவது மாடி ஜன்னல் வழியாகத்தான் ஒசாகாவைப் பார்த்தேன். காலையில் கிளம்பும்போது, வெளியே எங்காவது போய்விட்டு வாருங்கள் என்று ஒரு நாளாவது சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை.