லாபம், ஒன்று, இரண்டு

மேற்குக் கொட்டகையில் ஆறு பேர், கிழக்குக் கொட்டகையில் ஆறு பேர். ஆளுக்கு இரண்டு தறி. இருபத்து நான்கு விசைத்தறிகளும் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. இரண்டு கொட்டகைக்கும் நடுவிலிருந்த முற்றத்தில் என் மேசை கிடந்தது. பணி ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம் கழித்து, வீட்டில் உட்கார்ந்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருக்கப் பிடிக்காமல், சங்கரன்கோவிலில் இந்தச் சேலைக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன்.

வேலை எளிதுதான். நெசவாளர் அறுத்துக் கொடுக்கும் சேலைகளை, கொட்டகைக்கு ஒருவராக இருக்கும் மடிப்புக்காரர் மடித்து, வாய்விட்டு எண்ணி அடுக்குவார். இருபது ஆனதும் ஒரு கட்டு. கட்டில் தறி எண்ணை எழுதிச் செருகிவிட்டு, என்னைப் பார்த்து "இருபது" என்று சத்தம் போடுவார். நான் அந்தத் தறியின் பேரில் இருபது எழுதிக்கொள்வேன்.

ஆரம்பத்தில் நோட்டு மட்டும்தான் இருந்தது. முதலாளிக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்த பிறகு, கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்த அவர் மகன் பொறுப்பேற்றார். கல்லூரி அணியில் கபடி ஆடியவர். வந்த மூன்றாம் நாள் முற்றத்துச் சுவரில் ஒரு பச்சைப் பலகையை மாட்டினார். நடுவில் கோடு. ஒரு பக்கம் மேற்கு, ஒரு பக்கம் கிழக்கு. மாதக் கடைசிச் சனிக்கிழமை எந்தக் கொட்டகை அதிகச் சேலை காட்டுகிறதோ அந்த ஆறு பேருக்கும் பிரியாணி. தோற்ற கொட்டகையில் யார் கணக்கு குறைவோ அவர் தறியை விட்டுவிட வேண்டும். காத்திருக்கும் ஆள் ஒருவருக்கு அந்தத் தறி போகும்.

"தோத்தவனுக்கு வலிக்கணும் சார். அப்பத்தான் முழு மூச்சா ஓடுவான். இருபத்திரண்டு வருசம் கபடிக்கு ஸ்கோர் எழுதுன ஆளு நீங்க. உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

நான் தலையாட்டினேன். ஸ்கோர் எழுதியது உண்மை. வாசுதேவநல்லூரிலிருந்து பனவடலிசத்திரம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளிலும் பேருந்திலும் போய் எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், பலகை எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. சாயங்காலம் சாக்பீஸோடு எழுந்தால் பன்னிரண்டு பேரும் என் கையையே பார்ப்பார்கள். அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் எழுதினேன். ஒருவரும் என் கையைப் பார்த்ததில்லை.

முதல் மாதம் தோற்றவரை எச்சரித்ததோடு போயிற்று. இரண்டாவது மாதம் மேற்கிலிருந்து ஒருவர் போனார். அதற்குப் பிறகுதான் கொட்டகை மாறியது. முன்பு ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால் பக்கத்துத் தறிக்காரர் அவர் தறியையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். நூல் அறுந்தால் எட்டி முடிச்சுப் போட்டுவிடுவார். அது நின்றுபோயிற்று. ஒரு நாள் நூல் அறுந்த தறி ஏழு நிமிடம் சும்மா நின்றதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பக்கத்துத் தறிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் இருவரும் ஒரே கொட்டகை. கடைசி ஆளாக யாரோ ஒருவர் இருந்தாக வேண்டும், அது தானாக இருக்கக்கூடாது என்பதுதான் எல்லார் கணக்கும்.

மூன்றாவது மாதம் மேற்கில் கடைசியில் இருந்தவர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கை மெதுவென்றாலும் வாய் வேகம். முதலாளி மகன் ஒரு காலையில் எல்லாரையும் நிறுத்தி, ஜெயிப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசி முடித்ததும் இவர் கேட்டார்:

"தம்பி, சடுகுடுல செத்தவன் கோட்டுக்கு வெளிய உக்காருவான். இவன் ஆளு ஒரு பாயிண்ட் எடுத்தா எந்திச்சு உள்ள வந்துருவான். இங்கன செத்தா யாரு எடுத்து உள்ள விடுவா?"

சிரிப்பு எழுந்தது. மகனும் சிரித்தார். "அக்கா நல்லாத்தான் பேசுதாங்க. பேச்சுக்குத் தறி ஓடாதுல்லா."

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. பலகையில் கிழக்கு ஆறு சேலை முன்னால் நின்றது. அந்தப் பெண்ணின் தறி போவது முடிவான மாதிரிதான். மதியம் ஒரு மணிக்கு மகன் வந்து அறிவிப்பார், நான் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குப் பராமரிப்புக்காகப் பத்து மணிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். தறிகள் நின்றன. நான் அங்கு வேலைக்குச் சேர்ந்து ஒன்றே முக்கால் வருடத்தில், வேலை நேரத்தில் அந்த முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்தது அன்றுதான்.

அந்த அமைதியில், மேற்குக் கொட்டகையில் மடிப்புக்காரப் பெண் ஒரு கட்டை எண்ணுவது முதலிலிருந்து காதில் விழுந்தது. அவர் இளையரசனேந்தல் பக்கம். வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"லாபம்" என்று முதல் சேலையை வைத்தார். பிறகு, "ஒண்ணு. ரெண்டு. மூணு."

ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவது இங்கே எல்லாரும் செய்வதுதான். ஆனால் லாபத்துக்கு அடுத்தது இரண்டு. இவர் லாபத்துக்குப் பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து போகிறார். இவர் இருபது என்று சொல்லும்போது கட்டில் இருபத்தொன்று இருக்கும்.

போய்க் கேட்டேன். அவர் விழித்தார். "எங்க களத்துல மொத மரக்கா நெல்ல லாபம்னு சாமிக்குத் தனியா வச்சிருவோம் அண்ணாச்சி. பெறகுதான் கணக்கு. இங்கன அப்படி இல்லையா?"

அந்த வாரம் மேற்கில் அவர் கட்டியது பதினோரு கட்டு. மதுரை வியாபாரிக்கு இன்னும் போகாமல் மூலையில் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினேன். பதினொன்றிலும் இருபத்தொன்று. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். அதே. பதினோரு சேலை கூடுதல் என்றால் மேற்கு ஐந்து சேலையில் ஜெயித்துவிட்டது. ஊரில் எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான். ஒரு வாரமாக, அடுத்தவர் போட்ட கடைசிச் சத்தத்தை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

மணி பதினொன்று நாற்பது.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேற்கு ஜெயித்தால் கிழக்கு தோற்கும், கிழக்கின் கடைசி ஆள் போக வேண்டும். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்தைந்து வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தவர். தினமும் பத்தரை மணிக்கு என்னோடு தேநீர் குடிப்பவர். அன்றைக்கும் குடித்துவிட்டு, இந்த மாதம் தப்பித்த நிம்மதியில் முற்றத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். நான் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. கட்டுக்கு ஒரு சேலை கூட வந்தால் எந்த வியாபாரி போன் போட்டுச் சொல்லப் போகிறார்.

பனவடலிசத்திரத்தில் ஒரு தடவை ஒரு புள்ளியை எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்து, கேடயம் கொடுத்து, பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தாளில் பார்த்தேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு புள்ளியில் தோற்ற ஏழு பேரும் அடுத்த ஞாயிறு வேறொரு ஊரில் அதே சட்டையோடு வந்து இறங்கினார்கள், ஜெயித்தார்கள். என் தப்பு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு கேடயம்தான். தோற்றவர்களை இனிமேல் வராதே என்று எந்த மைதானத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பலகை மாட்டிய அன்று மகன் கேட்டபோது தலையாட்டாமல் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றி என்ன.

ஒரு மணிக்கு மகன் வண்டியில் வந்தார். முன்னால் தொங்கிய பையில் ஆறு பிரியாணிப் பொட்டலம். கிழக்குக்காரர்கள் கை கழுவிவிட்டு வந்து நின்றார்கள்.

"தம்பி, போர்டுல தப்பு இருக்கு" என்றேன்.

"எவ்வளவு சார்?"

"பதினொண்ணு. மேற்குல கூடும். கேட்டுக் கேட்டு எழுதினது நான்தான், தப்பு என்னுது."

பிரித்த கட்டுகளைக் காட்டினேன். அவர் மனக்கணக்குப் போட்டுவிட்டு உதட்டைக் கடித்தார். கிழக்கில் ஒருவர் முன்னால் வந்தார். "என்னவே அண்ணாச்சி, பிரியாணி வந்து எறங்கின பெறகா கணக்கு மாறும்? மேற்குல என்ன வாங்கித் தின்னீரு?"

"ஏலே, வயசுக்கு மரியாத குடுத்துப் பேசு" என்றது மேற்கிலிருந்து ஒரு குரல். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேற்கில் கடைசியாக இருந்த அந்தப் பெண் மட்டும் எதிரே நின்ற கண் புரைக்காரரைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பேசுகிறவர்.

கண் புரைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "கட்டைப் பிரிச்சு எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்பச் சரி" என்றார்.

மகன் நோட்டை என் முன்னால் தள்ளினார். "திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். விளையாட்டுன்னா அப்படித்தான். ஒருத்தர் போய்த்தான் ஆகணும்."

திருத்தி எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை. நான்கு வாக்கியம் மனதில் வைத்திருந்தேன். இரண்டுதான் வந்தது. "கணக்கு சரியா இருக்கு தம்பி. ஆனா இதை வச்சு ஆளை எடுக்கதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப எதுக்கு ஸ்கோர் எழுதுனீங்க இத்தன வருசம்?"

பதில் சொல்வதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. காலையில் அணைக்காமல் விட்ட தறிகள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. நூல் சிக்கிவிடுமே என்று பன்னிரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள். கண் புரைக்காரரும் ஓடினார், அந்தப் பெண்ணும் ஓடினார். முற்றத்தில் நானும் மகனும் ஆறு பொட்டலமும்தான் மிச்சம். அவர் பலகைக்குப் பக்கத்தில் போனார். அந்த மாதத்துக் கணக்கை உள்ளங்கையால் அழித்தார். நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இந்த மாசம் யாரும் போகல. திங்கக்கெழமையிலேருந்து நீங்க வர வேண்டாம் சார். நானே எழுதிக்கிடுதேன்."

மூன்றாவது வாரம் பேருந்து நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வேலை முடிந்து நின்றுகொண்டிருந்தார். பலகை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். கட்டு கட்டும்போது இப்போது ஆறு பேரும் கூடவே நின்று எண்ணுகிறார்களாம்.

"நான் கீழயிருந்து மூணாவது அண்ணாச்சி" என்றார். இப்போது எல்லாரும் கீழேயிருந்துதான் எண்ணுகிறார்கள் போலிருக்கிறது.

"கண்ணு புரை எடுத்தாரே, அவரு?"

"கிழக்குல கீழயிருந்து மொதல்ல நிக்காரு. கிழக்குதான் பின்னாலயும் நிக்கி." பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "இன்னும் ஒம்பது நாள் கெடக்குல்லா, பாப்போம்."

வாசுதேவநல்லூர் பேருந்து வந்தது. ஏறிவிட்டார். அந்த ஒன்பதில் ஒரு ஞாயிறு வருகிறது, தறி ஓடுவது எட்டுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜன்னல் பக்கம் அவர் முகம் தெரியவில்லை.