கண்ணாடியில கடைசி வண்டி

எங்க அக்கா வீட்டுக்காரருக்கு வலது கை மணிக்கட்டோட முடிஞ்சிடும். அதுக்கு மேல மாட்டியிருக்கிறது இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கியையும் இடது கையையும் வெச்சுகிட்டே கடைகடையா போய் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பண்ணுவாரு. நமக்கு ரெண்டு கை இருந்தும் பிடிபடாத பொடி ஸ்க்ரூவ எல்லாம் கொக்கி நுனியில அமுக்கிப் பிடிச்சுகிட்டு, இடது கையால அலட்டாம திருகுவாரு. ஒரு நாளைக்குப் பத்து கடை, நாலு ஊரு. ஊருக்கு அவர் தராசுக்காரர். எனக்கு மாமா.

வண்டியில ஆக்ஸிலேட்டர் வலது கையிலதானே இருக்கு? அதனால கியர் இல்லாத ஒரு ஸ்கூட்டர வாங்கி, ஆக்ஸிலேட்டரக் கழட்டி இடது பக்கம் மாத்திட்டாரு. ரெண்டு பிரேக்கையும் ஒரே பிடிக்குள்ள கொண்டு வந்தாரு. வலது கைப்பிடியில கொக்கி வந்து உக்கார ஒரு மரக் குமிழ். அது அக்காவோட சமையலறை இழுப்பறையிலேர்ந்து கழட்டினது. ரெண்டு நாள்ல வேற வாங்கி மாட்டிடறேன்னாரு. பதினாறு வருஷம் ஓடிப் போச்சு. அக்கா ஸ்பூன் காம்ப விட்டு நெம்பித்தான் அந்த இழுப்பறையத் திறப்பா. திறக்கும்போதெல்லாம் மாமாவுக்கு அர்ச்சனை நடக்கும். அவர் காதுலயே போட்டுக்க மாட்டாரு.

கை போன கதையையும் சொல்லிடறேன். இருபத்தாறு வயசுல சிநேகிதங்களோட எட்டு பைக்குல சுத்தப் போயிருக்காரு. இவர் கடைசி வண்டி. ஒரு வளைவுல லாரி இடிச்சுப் பள்ளத்துல கிடந்தாரு. முன்னால போனவனுங்க ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. எங்கயோ டீ குடிக்க நிறுத்தி, டம்ளர எண்ணும்போதுதான் ஒரு ஆள் குறையுதுன்னு தெரிஞ்சிருக்கு. ஒன்றரை மணி நேரம். கொஞ்சம் முன்னாடி தூக்கிட்டு வந்திருந்தா கையக் காப்பாத்தி இருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். போன கைக்கு அது ஒரு ஆறுதலா? அந்த டாக்டருக்கு வாய மூடிகிட்டு இருக்கத் தெரியல.

அதனாலதான் மாமா எங்க ஊர் பைக் ஓட்டறவங்க சங்கத்த ஆரம்பிச்சப்ப முதல் விதியா இத எழுதினாரு. உன் கண்ணாடியில பின்னால வர்ற வண்டி தெரியணும். தெரியலைன்னா நில்லு. நீ நின்னா உனக்கு முன்னால போறவன் நிப்பான், அவன் நின்னா அவனுக்கு முன்னால போறவன் நிப்பான், இப்படியே சேதி தலைவண்டி வரைக்கும் போயிடும். யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது. சங்கத்துல நாப்பது பேர் இருக்கோம். பைக் சங்கத்துக்குத் தலைவண்டி ஸ்கூட்டர்தான்னு ஊரே கேலி பண்ணும். முக்காவாசிப் பேர் அரட்டைக்குச் சேந்தவனுங்க. ஆனா அந்த விதிய மட்டும் எவனும் மீறினதில்ல.

போன வருஷம் மாநில அரசாங்கம் ஒரு சட்ட வரைவு கொண்டு வந்துச்சு. காது கிழியற சைலன்சர மாட்டிகிட்டுப் பறக்கிற ஆளுங்கள அடக்கணுமாம். நியாயம்தான். அதுக்காக எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதையா, கம்பெனியிலேர்ந்து வந்த உருவத்துல என்ன மாறியிருந்தாலும் வண்டிப் பதிவு ரத்துன்னு எழுதிட்டாங்க. மாமா வண்டியும் அதுக்குள்ள வந்துடுச்சு. கம்பெனியே இடது கை ஆக்ஸிலேட்டர் வெச்சுக் குடுத்தா ஓட்டலாம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். அப்படி ஒரு வண்டி நாங்க செய்யறதில்லைன்னு மரியாதையா பதில் வந்துச்சு.

மாமா கேட்டது ஒரே ஒரு வரி. ‘உடல் குறை உள்ளவர்கள் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டு, ஆய்வாளர் சரிபார்த்த மாற்றங்கள் நீங்கலாக.’ இத அந்த வரைவுல சேத்துட்டா போதும். பதினோரு மனு போட்டாரு. எனக்கு ஜெராக்ஸ் கடை, பதினொண்ணையும் நான்தான் நகல் எடுத்தேன். எல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு. பரிசீலனையில் உள்ளதுன்னு அச்சடிச்ச காகிதம் வரும், அதோட சரி. கடைசியில ஒரு நாள் நிஜக் கடுதாசியே வந்துச்சு. சட்டசபைக் குழு மக்கள் கருத்து கேக்குது, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு சங்கம் சார்பா ஒருத்தர் அஞ்சு நிமிஷம் பேசலாம்னு.

அடுத்த பத்து நாளும் அக்கா வீட்டுல அதே பேச்சுதான். மாமா பிரிட்ஜ் முன்னால நின்னு பேசுவாரு, அக்கா செல்போன்ல நேரம் பாப்பா. முதல் தடவ ஒன்பது நிமிஷம் போச்சு, ஏன்னா பள்ளத்துலேர்ந்து ஆரம்பிச்சாரு. அக்கா கறாரா சொல்லிட்டா.

“கையப் பத்திப் பேசாதீங்க, வண்டியப் பத்திப் பேசுங்க. பாவம் பாத்து விட்டா ஒரு நாளைக்குத்தான் விடுவாங்க.”

அப்புறம் வெட்டி வெட்டி நாலே முக்கால் நிமிஷத்துக்குக் கொண்டு வந்தாரு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

இப்ப என் லட்சணத்தச் சொல்றேன். அந்த வாரம் மாமா என் பைக்கப் பாத்துட்டு, செயின் தொங்குது மச்சான், மாத்திடுன்னாரு. செவ்வாய்க்கிழமை முடியட்டும் மாமான்னேன். சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல. மெக்கானிக் கடை என் கடைக்கு மூணாவது கடை.

செவ்வாய்க்கிழமை காலைல இருபத்திரண்டு வண்டி கெளம்பினோம். மாமா முன்னால, இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டையில. நான் கடைசி வண்டி. தலைநகரத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கும்போது கீழ படார்னு ஒரு சத்தம். செயின் அறுந்து, பல்சக்கரத்துல சுத்தி, பின் சக்கரம் பூட்டு போட்ட மாதிரி நின்னுடுச்சு. நல்ல வேளை, விழல. விழுந்திருந்தாக்கூட இன்னிக்கு மனசு கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

போங்க போங்கன்னு கைய ஆட்டினேன். எங்க போறது? என் முன்னால போனவன் கண்ணாடியில நான் இல்ல, அவன் நின்னான். அவனுக்கு முன்னால போனவன் நின்னான். தூரத்துல வெள்ளச் சட்டை நின்னு, திரும்பி, எங்கிட்ட வந்துடுச்சு.

சங்கத் துணைத் தலைவர ஹாரன்னு கூப்பிடுவோம், குரல் அப்படி. அவர்தான் முதல்ல கத்தினாரு. நான் ஒருத்தன் இவனோட இருக்கேன், நீங்க கெளம்புங்கன்னாரு. நானும் கெஞ்சினேன். மாமா கைக்கடிகாரத்தப் பாத்தாரு. பத்து அஞ்சு.

“நாமளே எழுதின விதிய நாமளே மிதிச்சுட்டுப் போயி, அவங்க சட்டத்த மாத்துங்கன்னு எந்த வாயால கேக்கறது?”

அப்புறம் எந்த அரசாங்கக் கூட்டம் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கு, பதினொண்ணுன்னா பன்னெண்டுன்னு சிரிச்சாரு. எங்களுக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. ஹாரன் குழு அலுவலகத்துக்கு போன் போட்டுகிட்டே இருந்தாரு, மணி அடிச்சுகிட்டே இருந்துச்சு. ஒருத்தன் அறுந்த செயின இணைக்கிற லாக் வாங்க ஓடினான். சிக்கின செயினப் பிரிக்கத்தான் நேரம் பிடிச்சுது. ரெண்டு நுனியும் சேராம நழுவி நழுவிப் போச்சு. மாமா மண்டி போட்டு உக்காந்து, கொக்கிய செயின்ல மாட்டி இழுத்துப் பிடிச்சாரு. நான் லாக்க அழுத்தினேன். வெள்ளச் சட்டைக் கையெல்லாம் கறுப்பு கிரீஸ். அப்பவும் அவர் என்னத் திட்டல. ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்.

நாங்க போய்ச் சேரும்போது பதினொண்ணு இருபத்தஞ்சு. ஜென்மத்துல முதல் தடவையா கூட்டம் சரியா பத்தரைக்கே ஆரம்பிச்சிருக்கு. எங்களுக்குக் குடுத்த பதினோரு மணிக்கு எங்க சங்கத்த மூணு தடவ கூப்பிட்டிருக்காங்க. வாசல்ல இருந்த குமாஸ்தா பட்டியலத் திருப்பிக் காட்டினாரு. எங்க பேருக்கு எதிர்ல ‘வரவில்லை’ன்னு இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் போதும்னு மாமா கேட்டாரு. அடுத்தவங்க பேசிட்டு இருக்காங்க, பட்டியல மாத்தற அதிகாரம் எனக்குக் கிடையாது, எழுத்துல குடுத்தா சேத்துக்கறேன்னாரு குமாஸ்தா. நல்ல மனுஷன்தான், தண்ணிகூட குடுத்தாரு. மாமா அங்கேயே நின்னுகிட்டு பன்னெண்டாவது மனுவ எழுதினாரு. அவர் கட்டைவிரல் பட்ட இடத்துலயெல்லாம் காகிதம் கறுத்துப் போச்சு. சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சைலன்சர் வியாபாரத்தப் பத்தி நிதானமா பேசிட்டு இருந்தாங்க.

வரும்போதும் அதே வரிசைதான். மாமா முன்னால, நான் கடைசி.

ரெண்டு மாசம் கழிச்சு குழுவோட அறிக்கை வந்துச்சு. நெட்டுலேர்ந்து எடுத்து என் கடையிலதான் ஒரு பிரதி அச்சடிச்சோம். நாப்பத்து மூணாம் பக்கத்துல எங்க சங்கத்துக்கு ஒரு வரி குடுத்திருந்தாங்க. ‘அழைக்கப்பட்டும் வராததால் ஆட்சேபம் இல்லை என எடுத்துக்கொள்ளப்பட்டது.’ அத மாமா ரெண்டு தடவ படிச்சாரு. மனு பன்னெண்டையும் காணோம். அவர் கேட்டது ஒரு வரி, கிடைச்சதும் ஒரு வரி. எனக்கு அந்த மெஷினத் தூக்கித் தெருவுல போடணும் போல இருந்துச்சு.

சட்டம் வந்துடுச்சு. வண்டி ஆய்வாளர் ஸ்கூட்டர ஓட்டிக்கூடப் பாத்தாரு. எவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்கன்னாரு. அப்புறம் அந்த ஒரு வரி இருந்திருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன் சார்னு சொல்லிட்டுப் பதிவ ரத்து பண்ணிட்டாரு. அவர நொந்து என்ன பிரயோஜனம்?

சங்கத்துல எல்லாரும் முறை போட்டு மாமாவக் கடைகளுக்குக் கூட்டிட்டுப் போறோம். பத்து கடை நாலு கடையாச்சு. செவ்வாயும் வெள்ளியும் என் முறை. பின்னால உக்காந்து இடது கைய என் தோள் மேல வெச்சுக்குவாரு. நான் ஆக்ஸிலேட்டர முறுக்கும்போது அவர் கையும் என் தோள்ல லேசா முறுக்கும். ஒவ்வொரு தடவையும். அவருக்கே தெரியாதுன்னு நினைக்கிறேன். நானும் சொன்னதில்ல.

வண்டியப் பிரிச்ச அன்னிக்கு மாமா அந்த மரக் குமிழக் கழட்டி, துடைச்சு, அக்காவோட இழுப்பறையில திரும்ப மாட்டினாரு. பதினாறு வருஷம் கழிச்சு வாக்கக் காப்பாத்திட்டேன் பாருன்னு சிரிச்சாரு. மறுநாள் காலைல நான் போனப்ப, குமிழ் பாட்டுக்கு அங்க இருக்கு, அக்கா ஸ்பூன் காம்ப விட்டு இழுப்பறைய நெம்பிகிட்டு இருந்தா. குமிழ் இருக்கே அக்கான்னேன்.

“அது வண்டியோடது,”ன்னா அக்கா.

அன்னிலேர்ந்து அந்தக் குமிழ அவ தொட்டதில்ல. திட்டறதையும் நிறுத்திட்டா.