இரண்டு தாளிலும் என் கையெழுத்து

அப்பா பஸ் விட்டுக்கொண்டிருந்தார். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி. யுத்தம் முடிந்ததும் வாங்கிய பழைய வண்டி ஒன்று, நாற்பத்தெட்டில் வாங்கிய புது வண்டி ஒன்று. பெர்மிட் அவர் பெயரில் இருந்தது.

அண்ணனுக்கு வண்டிதான் எல்லாம். ஓட்டுவான், பழுது பார்ப்பான், ஷெட்டிலேயே சாப்பிடுவான். தம்பி படித்தவன். ஸ்டாண்டில் மற்ற பஸ்காரர்களோடு நேரத் தகராறு வந்தாலும், திருச்சி பெர்மிட் ஆபீஸில் வேலை என்றாலும் அவன்தான் போவான். நான் நடுப்பிள்ளை. வல்லத்திராக்கோட்டையில் ஒரு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தேன்.

தனக்குப் பிறகு யார் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அதாவது, எல்லோர் முன்னாலும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போது அண்ணனிடம், "நீ இல்லாட்டி வண்டி நகராதுடா" என்பார். திருச்சிக்குப் போகிற வழியில் தம்பியிடம், "அவன் ஸ்பானர் புடிக்கத்தான் லாயக்கு. ஒன்னைய நம்பித்தான் எல்லாம் இருக்கு" என்பார். இருவரும் அதை என்னிடம் வந்து சொல்லிப் பூரித்தார்கள். ஒருவனிடம் சொன்னதை மற்றவனிடம் நான் சொன்னதில்லை. இரண்டு பேருடைய சந்தோஷத்தையும் கெடுப்பானேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒருமுறை நெஞ்சு வலித்துப் படுத்து எழுந்த சமயம் ஆத்தா கேட்டேவிட்டாள். அவர் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "என்னைய அனுப்பி வச்சுட்டுப் பேசிக்கங்க" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், கறம்பக்குடி ஸ்டாண்டில் வண்டி கிளம்பக் காத்திருந்தபோது, முன்சீட்டில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, பின்னால் இருந்த பயணிகள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

கருமாதி முடிந்ததும் பெர்மிட் விஷயம் வந்தது. குறித்த கெடுவுக்குள் வாரிசு ஒருவர் பெயருக்கு அதை மாற்றக் கேட்க வேண்டும். மற்ற வாரிசுகள் சம்மதம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். புதுச் சட்டப்படி பெண்ணும் வாரிசு. அதுவரை எங்கள் வீட்டில் எதற்கும் என்னை யாரும் கேட்டதில்லை.

அண்ணன்தான் முதலில் வந்தான். பயணிகளோடு பஸ்ஸை எங்கள் வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே தாளோடு உள்ளே வந்தான். "ஏம் பேருக்கு மாத்துனா தம்பிய விட்டுருவனா தங்கச்சி? அப்பா என்னையத்தான் சொன்னாரு" என்றான். வெளியே ஜனம் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். தாளின் ஓரத்தில் அவன் விரலின் கிரீஸ் கறை ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள் தம்பி சைக்கிளில் வந்தான். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அண்ணனுக்கு வண்டி தெரியும்க்கா, ஆபீஸ் தெரியாது. ஒரே வருசத்துல எல்லாம் போயிரும். அப்பா ஏங்கிட்ட சொன்னது ஒனக்கே தெரியும்ல" என்று சொல்லும்போதே அழுதுவிட்டான். அண்ணனுக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் நீட்டிய தாளிலும் போட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். இரண்டு பேரிடமும் இப்போதே போய்ச் சொல்லிவிடு என்றார். நாளைக்குப் போகிறேன் என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். இப்படியே பத்து நாள் ஓடியது.

திருச்சி ஆபீஸில் இரண்டு தாளும் ஒரே மேஜைக்கு வந்தன. எதில் உள்ளது நிஜமான சம்மதம் என்று அதிகாரி கேட்டாராம். கோபப்படவில்லையாம். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள், போதும் என்று வழியும் சொல்லி அனுப்பினாராம். யார் பெயர் முதலில் என்பதில் அது நின்றுபோனது.

புதுக்கோட்டையில் அப்பா வீட்டுக்கு ஓடினேன். "அவன் ஒன்னைய ஏமாத்தி வாங்கிட்டான்னு எழுதிக் குடு, போதும்" என்றான் அண்ணன். தம்பி கேட்டதும் அதேதான். யாரும் என்னை ஏமாற்றவில்லை, நானேதான் போட்டேன் என்று இருவரிடமும் சொன்னேன். ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர, என் பேச்சு அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஆத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கெடு முடிந்தது. அந்தத் தடம் வேறொரு முதலாளிக்குப் போயிற்று. ஷெட்டில் நின்ற வண்டிகள் கிடைத்த விலைக்குப் போயின. அண்ணன் அந்த முதலாளியிடமே டிரைவராகச் சேர்ந்தான். தம்பி திருச்சியில் ஒரு லாரி ஆபீஸில் குமாஸ்தா ஆனான்.

பிற்பாடு என் மகளுக்குக் குன்றாண்டார்கோவிலில் காது குத்தினோம். தாய்மாமன்கள் இருவருக்கும் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் லீவு போட்டு வந்திருந்தான். தம்பி சீர்த்தட்டை மட்டும் ஆள் மூலம் அனுப்பியிருந்தான்.

பத்தர் ஊசியோடு காத்திருந்தார். அண்ணன் துண்டை விரித்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான்.

"அவன் வரலியா?" என்று கேட்டான்.

"வரலண்ணே."

"சொல்லிருந்தியா?"

"சொல்லிருந்தேன்."

அண்ணன் பிள்ளையின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டான். பத்தர் ஊசியை எடுத்தார்.