எத்தனை விசில்

பட்டிமன்றத்தில் எந்த அணியில் பேசுவது என்பது பேச்சாளர் கையில் இல்லை. நடுவர் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், உங்களுக்கு எதிரணி" என்பார், அவ்வளவுதான். போன பொங்கலுக்கு ஜொகூர் பாருவில் எங்கள் கோயில் மண்டபத்தில் வைத்த தலைப்பு, இலக்கியம் வாழ்க்கைக்கு உதவுமா, உதவாதா. எனக்கு வாய்த்தது 'உதவாது'.

நான் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியை. ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்குச் சோறு போட்டதே இலக்கியம்தான். சோறு மட்டுமா? அப்பா இறந்த வருடம் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காத்தவை நான்கைந்து கவிதைகள். அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மேடையேறினேன். மைக்கைப் பிடித்தால் ஜெயித்தே ஆக வேண்டும் எனக்கு. அது ஒரு வியாதி. "கவிதையக் குக்கர்ல வச்சா எத்தன விசில் வரும், நடுவர் அவர்களே?" என்று கேட்டேன். மண்டபமே அதிர்ந்தது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார். அவருடைய மனைவி என் சனிக்கிழமை இலக்கிய வகுப்புக்கு வருபவர். என் வயதுதான். பாசிர் கூடாங்கில் ஷிப்டு வேலை. தொழிற்சாலை பஸ்ஸில் படித்துக்கொண்டே போவார். பள்ளியில் படித்தபோது எடுக்க முடியாமல் போன எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வின் தமிழ் இலக்கியத் தாளை இப்போது தனியாக எழுதப் பதிந்துகொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் வகுப்பில் ஒரு பழைய பாட்டை வாசித்துவிட்டு, "இத எழுதுனவங்களுக்கு எங்க வீட்டத் தெரியுமா, டீச்சர்?" என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொங்கலுக்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. ஷிப்டு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பார்த்து, வலியப் போய்க் கேட்டேன்.

"படிச்சது போதும், டீச்சர். நான் புத்தகத்தத் தொட்டாலே அவரு ஆரம்பிச்சிடுறாரு, எத்தன விசில் வந்துச்சுன்னு. இப்பப் பிள்ளைங்களும் கேக்குதுங்க. ஒங்க டீச்சரே சொல்லிட்டாங்களேன்னு வேற."

"ஐயோ, அது பட்டிமன்றம்ங்க. எனக்குக் குடுத்த பக்கத்தத்தானே பேசுனேன். நான் வேணும்னா வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம், டீச்சர். அப்புறம் அதுக்கும் ஒரு ஜோக்கு வரும்." பிரசாதத் தொன்னையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க சும்மாதான் பேசுனீங்க, எனக்குத் தெரியாதா? கை தட்டுனவங்க சும்மா தட்டலயே."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலில் பாதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதை நான் கைதட்டலுக்காகச் செய்திருக்கிறேன். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது என்பதுதான் இன்னும் கேவலம்.

இந்தப் பொங்கலுக்கும் அதே நடுவர் அழைத்தார். அதே தலைப்பை வையுங்கள், என்னை 'உதவும்' பக்கம் போடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அப்பாவின் சாவைப் பற்றிப் பேசினேன். அந்தக் கவிதைகளைப் பற்றிப் பேசினேன். சபை மரியாதையாகக் கைதட்டியது. என் கண் வரிசை வரிசையாக அந்தச் சனிக்கிழமை மாணவியைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் அவருடைய கணவர் மட்டும் வந்தார்.

"அவங்க வரலையா?"

"வேல, டீச்சர். இன்னிக்கு ஷிப்டு." பிறகு எனக்கு ஆறுதல் சொல்பவரைப்போல, "நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா போன வருசம் மாதிரி இல்ல லா. அந்த விசில்! எங்க வீட்ல இன்னமும் அதான் பேச்சு," என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன்.