என் பெயரில் கேட்ட ஓட்டு

என் கணவருக்குச் சீட்டுக் கொடுக்கலாமா கூடாதா என்ற பேச்சு பெரும்பாலும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல். கட்சியின் ஒன்றியச் செயலாளர் நாற்காலியில் இருப்பார், மற்றவர்கள் பாயில். நான் டீ கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு ஆளாளுக்கு மின்விசிறியைப் பார்ப்பார்கள். நான் அடுப்படிக்குத் திரும்பியதும் மறுபடி ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு திரைதான். எல்லாம் கேட்கும்.

வடக்கனந்தலிலிருந்து மலைக்குப் போகும் சாலையில், ஏற்றம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஊர். கணவருக்கு மரவள்ளிக் கிழங்கு வியாபாரம். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் கிழங்கு வாங்கி, தன் மினி லாரியில் ஏற்றி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொண்டுபோவார். மலையில் அவர் கால் படாத ஊர் கிடையாது. பிரசவ வலி வந்த பெண்களைக் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்சிக்காரர். கொடி கட்டுவதிலிருந்து ஆள் திரட்டுவதுவரை எல்லாம் செய்தவர். அடுத்த முறை சீட்டு அவருக்குத்தான் என்று ஊரே பேசிவைத்திருந்தது. அதைக் குலைத்தது என் கொழுந்தனார்.

கொழுந்தனார் சாராயப் பாக்கெட் விற்றார். ஏரிக்கரைப் புளியந்தோப்பில் விற்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கணவர் கண்டித்துப் பார்த்தார், ஒருமுறை தெருவில் வைத்து அடித்தும் விட்டார். அதன்பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. ஆனால் கொழுந்தனார் பின்வாசல் வழியாக வந்து என்னிடம் சாப்பிட்டுவிட்டுப் போவதைக் கணவர் ஒருநாளும் தடுத்ததில்லை. கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தபோது எங்கள் ஊரிலும் எல்லாரும் பயந்துபோனார்கள். கொழுந்தனார் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். இனி இந்தப் பேச்சே இல்லை என்று நினைத்தோம். கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்தார். தோப்பில் மறுபடியும் ஆள் நடமாட்டம் தெரிந்தது.

பிறகு ஒருநாள் காலை நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். முந்தின ராத்திரி தோப்பில் குடித்துவிட்டு வந்த எதிர்வீட்டு அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நேர் வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த அக்காவை, அவர் மனைவியைக் கூப்பிட்டு, "லைட்டப் போடு, இன்னா இப்டி இருட்டா கீது" என்றார். அக்கா விளையாடுகிறார் என்று நினைத்துத் திட்டினாள். அவர் கையை நீட்டிக் காற்றில் எதையோ தேடினார். அதற்குள் தெருவின் அந்தக் கோடியிலிருந்தும் அழுகை கேட்டது.

கணவர்தான் வண்டியை எடுத்தார். கிழங்கு மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு, ஆட்களைத் தூக்கிப் படுக்கவைத்துக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். திரும்பி வந்து மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார். பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்குக் கண் போய்விட்டது. எதிர்வீட்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்கு முன்பே, அக்காவின் மடியிலேயே போய்விட்டார். மாலையில் காலி வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றபோது அதற்குள் செருப்புகள் கிடந்தன. ஒன்றும் ஜோடியாக இல்லை. யாரும் தேடி வரவில்லை. கணவர் அவற்றை ஒரு சாக்கில் பொறுக்கிப் போட்டார். அந்தச் சாக்கு பிறகு என்னவாயிற்று என்று நான் கேட்டதில்லை.

கொழுந்தனார் ஊரில் இல்லை. சில வாரம் கழித்துப் போலீஸார் அவரை மலையில் பிடித்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

தேர்தல் வந்தபோது கட்சி இதை வைத்துக்கொண்டு தவித்தது. இத்தனை உயிரைக் காப்பாற்றிய ஆளுக்கு இல்லாத சீட்டு வேறு யாருக்கு என்று பாதிப் பேர் சொன்னார்கள். அண்ணன் தம்பி இருவரும் கோயில் திருவிழா பேனரில் சேர்ந்து நிற்கும் படம் எதிர்க்கட்சிக்காரர்களிடம் இருக்கிறது, அதை ஊர் ஊராக ஒட்டுவார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கொடுக்காவிட்டால் இவர் சுயேச்சையாக நிற்பார் என்ற பயமும் இருந்தது. செயலாளர் ஒருநாள் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குடுத்தா மானம் போவும். குடுக்கலன்னா மலை போவும்." மலை என்றால் மலையில் இருக்கிற ஓட்டு.

கணவர் அந்தப் பேச்சுகளில் வாயே திறக்கமாட்டார். பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் செத்தவர்கள் வீட்டில் போய்க் கேட்டுவிடலாம், அவர்களே சம்மதித்தால் வெளியில் யார் என்ன பேசமுடியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். பெண் ஒருத்தி கூட இருந்தால் நல்லது என்று என்னையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்கள். தெருவைக் கடந்தால் அந்த வீடு. அன்றைக்கு அது எனக்கு வெகுதூரமாக இருந்தது. அக்கா மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் சுற்றி வளைத்துப் பேசி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணான்னு நான் சொல்லல. வேணும்னும் சொல்லல. என் வூட்டுக்காரரு செத்தாரு. அதுக்கு நானே ஒக்காந்து உங்களுக்கு சீட்டும் குடுக்கணுமாங்க?"

வெளியே வந்ததும் செயலாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மாவட்டத்துல உன் பேரச் சொல்லிட்டாங்க" என்றார். கட்சியில் மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். எனக்கு முதலில் புரியவில்லை. நான் பிளஸ் டூ படித்தவள், மகளிர் குழுவை நடத்துகிறவள், என்மேல் ஒரு சொல் கிடையாது, ஆனால் வரவேண்டிய ஓட்டு எல்லாம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"செரின்னுட்டேன்."

என்னைக் கேட்காமலா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சீட்டு கைவிட்டுப் போனவரின் முகமாக அது இல்லை. எதிலிருந்தோ தப்பித்தவரின் முகமாக இருந்தது. கேட்காமல் குழம்பு ஊற்றினேன்.

போஸ்டரில் நான் பெரிதாகக் கைகூப்பி நின்றேன். ஓரத்தில் அவர் படம் தீப்பெட்டி அளவில் இருந்தது. ஜீப்பில் மலைக்கு ஏறினோம். மலை ஊர்களில் அவரைப் பார்த்ததும் பெண்கள் சிரித்தபடி வந்தார்கள். ஆனால் ஓர் ஊரில், வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்திருக்கவில்லை. நான் கும்பிட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"உங்க வூட்டு ஆளத் தேடினு வந்தவங்க எங்க தானியத்தையெல்லாம் கொட்டிக் கவுத்துட்டுப் போனாங்க. இங்க யாரும் அவரக் கூப்டு வெக்கல. அவராதான் வந்தாரு, ஓடறதுக்கு" என்றார். பிறகு அமைதியாக, "ஓட்டு போடறோம், போங்க" என்றார்.

ஜீப்பில் ஏறிய பிறகும் அவர் கடைசியாகச் சொன்னதுதான் காதில் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் தெருவுக்கு மட்டும் பிரச்சாரம் வேண்டாம் என்று கட்சியில் முடிவு செய்தார்கள். மேளமும் கோஷமுமாகப் போய் யாராவது மண்ணை வாரித் தூற்றினால் அது போனில் பரவிவிடும் என்றார் செயலாளர். கணவரும் தலையசைத்தார். சொந்தத் தெருவைத் தாண்டி மற்ற தெருக்களில் போய் ஓட்டுக் கேட்டேன். பிரச்சாரம் முடியும் தறுவாயில் ஒரு மதியம், கொடியும் ஆளும் இல்லாமல் நானே எதிர்வீட்டுக்குப் போனேன். ஓட்டுக் கேட்கப் போகவில்லை. அந்த வீட்டைப் பார்க்காமல் வெளியே போய் வருவது எனக்கு முடியாமல் போயிருந்தது.

அக்கா உள்ளே வரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உனுக்குதான் போடுவேன். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு இவர வண்டியில ஏத்திட்டோம். நான் தலைய மடியில வெச்சிக்கினு, எடுங்கண்ணே எடுங்கண்ணேன்னு கத்தறேன். உன் வூட்டுக்காரரு வண்டிக்குப் பின்னால நின்னு போன் பேசிக்கினு இருந்தாரு. டாக்டருக்குப் பேசறாருன்னு நெனச்சேன். டாக்டருக்குத்தான பேசுனாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கணவர் போர்செட்டருகே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் மோட்டாரை நிறுத்தினேன். அன்று யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கையில் இருந்த பைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தம்பிகிட்ட. இன்னா கலந்தன்னு கேட்டேன். ஆஸ்பத்திரில கேப்பாங்கன்னு."

"வேற இன்னா சொன்னீங்க?"

பைப்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊர்ல நிக்காதன்னு சொன்னேன்."

"எவ்ளோ நேரம் பேசுனீங்க?"

"தெரியல" என்றார். "அதத்தான் நானும் யோசிச்சிக்கினே கீறேன். தெரியல."

பிறகு அவரே போய் மோட்டாரைப் போட்டார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த வண்டியை மறுபடியும் கழுவினார்.

நான் செயலாளரிடம் போய் நடந்ததைச் சொல்லி, விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் அல்ல. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். வாபஸ் வாங்கும் தேதி முடிந்துவிட்டது, வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகிவிட்டது என்றார். "போன் பேசனது நீ இல்ல தங்கச்சி. உன்மேல இன்னா தப்பு? இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். ஓட்டு முடியற வரைக்கும் அந்தம்மாகிட்ட பேச்சு வெச்சிக்காத" என்றார். சீட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று அத்தனை நாள் தவித்த கட்சிக்கு, இதில் தவிப்பே இருக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டது.

அங்கிருந்து நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். கணவர் என்னிடம் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். அழுவாள், மண்ணை வாரி இறைப்பாள், தெருவைக் கூட்டுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். "டாக்டருக்கு இல்லியா" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வெறும் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நான் ஜெயித்தேன். எங்கள் தெருவில் எனக்கு ஓட்டுக் கம்மிதான். மலைதான் ஜெயிக்கவைத்தது. அக்கா யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஊர்வலத்தில் மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டுச் சால்வையைக் கணவருக்குப் போர்த்தினார்கள். அவர் அதை மடித்து யாரோ ஒருவர் தோளில் போட்டுவிட்டு நடந்தார். நான் செயலாளர் பேச்சை மீறி அக்காவிடம் சொன்னது கட்சிக்குத் தெரியுமோ என்னவோ. யாரும் கேட்கவில்லை. அக்காவும் அதை வெளியில் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. ஒன்றிய அலுவலகக் கூட்டத்தில் யாராவது எழுந்து வெளியே போய் முதுகைக் காட்டிப் போன் பேசினால் என் மனம் தானாக அளக்கத் தொடங்குகிறது. இவ்வளவு நேரம் இருக்குமா, இதைவிடக் கம்மியா, இந்த நேரத்துக்குள் வண்டி எதுவரை போயிருக்கும், கச்சிராயபாளையம் தாண்டியிருக்குமா என்று. பேசியவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் அது நிற்பதில்லை.

போன கோடையில் கொழுந்தனாருக்கு ஜாமீன் கிடைத்தது. ஒரு மதியம் வந்தார். வழக்கம்போலப் பின்வாசலில்தான் நின்றார். மிகவும் இளைத்திருந்தார். கணவர் என்னைப் பார்த்தார்.

"சோறு போடறேன். இந்த வூட்ல தங்க வேணாம்" என்றேன்.

கொழுந்தனார் தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். முன்பெல்லாம் அப்படிச் செய்யமாட்டார். அன்று மாலையே கணவர் அவரைத் தியாகதுருகத்துக்கு அழைத்துப்போய், கோட்டை மலைக்குக் கீழே ஓர் அறை எடுத்துக் கொடுத்தார். இப்போது அங்கே ஒரு மர அறுவை ஆலையில் வேலை பார்க்கிறாராம். கணவர் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் தங்குகிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அங்கே இருவரும் பேசிக்கொள்கிறார்களா, பேசாமல் படுத்துக்கொள்கிறார்களா என்பதும் தெரியாது.

அக்கா வீட்டுக் கதவு சாத்தியே இருப்பதில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறாள், மற்றவர்களைப் போலவே. கவுன்சிலர் என்று கூப்பிடுவதில்லை, தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

கணவர் தியாகதுருகம் கிளம்பும் நாளில் நான்தான் சோறு கட்டிக் கொடுக்கிறேன். ஒரு ஆளுக்கு என்று நினைத்துத்தான் அரிசி களைவேன். கட்டும்போது பார்த்தால் இரண்டு பேருக்கு இருக்கும்.