ஒரு கை தூக்கி விடு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஜிம்முக்குப் போகிறேன். திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில், மோட்டார் பம்பு விற்கிற கடைக்கு மேல்மாடி. இருபத்திரண்டு படி. போன முதல் நாள் நடுவில் இரண்டு தடவை நின்றேன். இப்போது நிற்பதில்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அங்கே நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, மைப்பெட்டி இருக்கிறது, பெருவிரல் வைத்தாலும் போதும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும்.

ஜிம்மை வைத்திருப்பவர் முத்துப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. துபாயில் ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, அந்தக் கலையையே ஊருக்குக் கொண்டுவந்து கடை போட்டார். பத்து மணிக்குப் பெண்கள் நேரம். அவர் மனைவியும் கூட இருப்பார்.

"என்னம்மா, எதுக்கு வந்திருக்கீங்க? மூட்டு வலியா?" என்று கேட்டார்.

"காலுக்குப் பலம் வேணும் தம்பி. தூக்கணும்."

"எதைத் தூக்கணும்?"

அன்றைக்கு அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

நாற்பது வருடம் நான் கட்டுத் தூக்கினவள். குறுவை அறுப்பு, தாளடி அறுப்பு, எதுவானாலும் வயலிலிருந்து களத்துக்கு நெல் கட்டு தலையில்தான் போகும். எத்தனை பலசாலியானாலும் கட்டைத் தானாகத் தலையில் ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று, "ஒரு கை தூக்கி விடு" என்றால், பிடித்துத் தூக்கி விடவேண்டும். வயலில் அதற்கு மட்டும் யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். முகம் பார்க்காத பகையாளியாக இருந்தாலும் கட்டைத் தூக்கி விட்டுவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எனக்கு எப்போதும் தூக்கி விட்டது பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட நாலு வயது சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பிறகு எங்களுக்குள் சண்டை வந்தது. அவள் வீட்டு ஓட்டுத் தண்ணீர் எங்கள் வைக்கோல் போரில் விழுந்து போர் அழுகிவிட்டது. தண்ணீரைத் திருப்பிவிடத் தகரம் அடிக்கச் சொன்னேன். "உன் போரைத் தள்ளிப் போடு" என்றாள். அவ்வளவுதான், பேச்சு நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு அறுப்பில் அவள்தான் எனக்குக் கட்டுத் தூக்கி விட்டாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே. மூன்றாவது அறுப்புக்கு எந்திரம் வந்துவிட்டது. அறுத்து, அடித்து, வண்டியிலேயே கொட்டிவிட்டுப் போனது. எங்கள் இரண்டு பேர் கையும் ஒரே கட்டைப் பிடிக்கிற வேலை அதோடு முடிந்தது.

அந்த வருடங்களில்தான் தெரு காலியானது. என் மகன் சிங்கப்பூர். அவள் மகன் திருப்பூர். எதிர் வீட்டு இரண்டு பேரும் மஸ்கட். தெருவில் மீசை வைத்த ஆள் என்றால் கோயில் காவல் சாமி ஒன்றுதான் என்று கேலி பேசுவோம். கேலியாகத்தான் இருந்தது.

ஒரு காலை, டீ குடித்துவிட்டுக் கொல்லையில் அடிபம்பு பக்கம் போன என் வீட்டுக்காரர் விழுந்தார். சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணி விழுந்த மாதிரி. போய்ப் பார்த்தேன். சிமிண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வாய் கோணியிருந்தது. ஆனால் வார்த்தை வந்தது.

"தூக்கி விடு."

அறுபத்தெட்டுக் கிலோ. அதற்கு முந்தின மாதம்தான் ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தார்கள். கட்டுத் தூக்கினவளுக்கு அது ஒரு கனமா என்றுதான் நினைத்தேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வரவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டி இழுத்தேன். பாதி எழும்பி, வழுக்கி, மறுபடி தரை. அதற்குள் இன்னொரு தடவை சொன்னார். "தூக்கி விடு."

கடைசிக் கட்டுக்கு ஒரு வழி உண்டு. எல்லோரும் போய்விட்ட பிறகு தூக்கி விட ஆளில்லாத ஒருத்தி, கட்டை உருட்டி வரப்பில் ஏற்றிச் சாத்தி, கீழே உட்கார்ந்து தலையைக் கொடுத்து எழுந்திருப்பாள். நானும் அவரை உருட்டித் துவைக்கிற கல்லில் சாய்த்து, முதுகைக் கொடுத்து, தம் கட்டி எழுந்தேன். கண் இருட்டியது. இரண்டு பேரும் விழுந்தோம். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலி என் கைக்கு எட்டுகிற தூரம். அந்தப் பக்கம் அவள் கொல்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் கொடுக்கவில்லை. வேலியைப் பார்க்கவே இல்லை. தெருவுக்கு ஓடினேன். தெருவில் ஆளில்லை. பஸ் நிற்கிற இடம் வரை ஓடி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது அவர் கண் திறந்தபடியே இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு ஏழு வருடம் நான் அடிபம்பில் தண்ணீர் அடிக்கவில்லை. வாசல் குழாயோடு சரி. கொல்லையில் ஏதாவது விழுந்தால், தேங்காய் மட்டை விழுந்தால்கூட, அந்த இரண்டு வார்த்தை கேட்கும். கேட்கிறதா, நினைக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

ஜிம்மில் எனக்குக் கொடுத்த எந்திரம், சாய்ந்து உட்கார்ந்து இரண்டு காலாலும் ஒரு பலகையைத் தள்ளுவது. தள்ளத் தள்ள அந்தப் பக்கம் இரும்பு வில்லைகள் மேலே ஏறும். இதைத்தான் தினமும் நூறு தடவை செய்யச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஜிம்காரர் சொன்னது வேறு.

"பத்து எண்ணுற வரைக்கும் மெதுவா தள்ளணும். பத்து எண்ணிக்கிட்டே மெதுவா விடணும். இனிமே வரவே வராதுங்கிற வரைக்கும் செய்யணும். வரலையா, முடிஞ்சுபோச்சு, வீட்டுக்குப் போயிடுங்க. அடுத்த வாரம் வாங்க."

"ஒரு வாரம் சும்மாவா இருக்கிறது?"

"சதை வளர்றது இங்க இல்லம்மா, வீட்டுல. நாத்து நட்டுட்டு வேர் பிடிச்சுதான்னு தினமும் பிடுங்கியா பார்ப்பீங்க?"

நெல்லைப் பற்றி எனக்கே சொல்கிறார். சிரிப்பு வந்தது. ஆனால் சொன்னது சரி. இருபது கிலோவில் ஆரம்பித்தேன். மாதம் போகப் போகத் தொடை கல் மாதிரி ஆனது. புடவைக்குள் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு வரவில்லை. கனம் ஏறினால் நான் தம் கட்டிவிடுவேன். தலையில் கட்டோடு வரப்பில் நடக்கிறவள் வாயைத் திறக்கமாட்டாள். திறந்தால் பலம் போய்விடும் என்று பழக்கம்.

"தம் கட்டாதீங்கம்மா, ரத்தக் கொதிப்பு ஏறும். வாயத் திறங்க, மூச்ச விடுங்க. கடைசி ஒண்ணு வரலைன்னா என்னைக் கூப்பிடுங்க, நான் கை கொடுக்கிறேன்."

"கூப்பிட மாட்டேன். வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

"துபாய்ல மலை மாதிரி ஆளுங்க கூப்பிடுவாங்க. உங்களுக்கு என்னம்மா?"

அவர் மனைவி, "பெரியம்மா கூப்பிட்டா கடைத்தெருவே இடிஞ்சிடும், விடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, "அறுபத்தெட்டு வைங்க" என்றேன்.

"அறுபத்தஞ்சு, எழுபதுன்னுதான் வரும்."

"அறுபத்தெட்டு."

அவர் என்னைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் ஒரு சின்ன வில்லையைத் தேடி எடுத்துவந்து சேர்த்தார். ஐந்து தடவை போனது. ஆறாவது பாதியில் நின்றது. "கூப்பிடுங்கம்மா" என்றார். வாய் திறக்கவில்லை. கண் இருட்டியது. துவைக்கிற கல்லின் ஈரம் முதுகில் பட்ட மாதிரி இருந்தது. அவராகவே பிடித்து இறக்கினார்.

"கனத்தைக் காலு தூக்கிடுது. வாய்தான் தூக்கமாட்டேங்குது" என்றார் கோபமாக. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதைச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்குப் பலம் போதவில்லை என்றுதான் ஏழு வருடமாக என்னையே நம்ப வைத்திருந்தேன். அதற்காகத்தான் இரும்பு தள்ளப் போனேன்.

வீட்டுக்கு வந்து, பையைக்கூட வைக்காமல் கொல்லைக்குப் போனேன். அடிபம்பு துருப்பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் கிடந்த இடத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க எனக்கு யாரும் தேவையில்லை, அந்தப் பலம் வந்துவிட்டது. ஆனாலும் உட்கார்ந்தபடி வேலியைப் பார்த்து மூச்சை விட்டேன். குரல் வந்தது, என் குரல் மாதிரி இல்லை.

"ஒரு கை தூக்கி விடு."

வேலிப் படல் திறக்கிற சத்தம் உடனே கேட்டது. நடந்து வருகிற நேரம்கூட ஆகவில்லை. வந்தாள். ஒன்றும் கேட்காமல் குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அதே பிடி, மணிக்கட்டுக்கு மேலே.

எழுந்த பிறகும் கையை விடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கும் அங்கதான் நின்னேன் அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம். எல்லாம் கேட்டுச்சு. நீ கூப்பிடுவே, கூப்பிடுவேன்னு நின்னேன்."

"கூப்பிடாம வந்திருக்கலாமே" என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அவளும், "கூப்பிட்டிருக்கலாமே" என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். நடுவில் அவர் கிடந்த இடம் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் அறுபத்தெட்டுத்தான் வைக்கச் சொன்னேன். ஐந்து போனது. ஆறாவது அதே பாதியில் நின்றது. வாயைத் திறந்து கூப்பிட்டேன். அவர் இரண்டு விரலால்தான் பலகையைத் தொட்டார். கனம் மேலே போய்விட்டது. அவ்வளவுதான் அது.