ஊர் மாப்பிள்ளையின் பதினொரு பேர்

பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன நகர உதைபந்தாட்டக் கழகத்தில் ஒன்பது வருடம் நடுக்களத்தில் ஆடினேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. வந்த பந்தைத் தொலைக்காமல் அடுத்தவனுக்குக் கொடுப்பேன், அவ்வளவுதான். முழங்கால் போனதும் பயிற்சியாளர் படிப்புப் படித்து, பிரெஞ்சில் ஒரு சான்றிதழும் வாங்கினேன். கலியாணம் கட்டி ரொறன்ரோ வந்தபோது அதை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிப்ட் ஓட்டப் போனேன். இன்றைக்கும் ஓட்டுகிறேன்.

என்னைக் கோச் ஆக்கியது மனைவியின் ஊர்ச்சங்கம். கோடையில் இங்கே, விட்டுவந்த ஊர்களின் பெயரில் ஊருக்கு ஊர் அணி கட்டி விளையாடுவார்கள். இனிப் போய்க் குடியிருக்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த ஊருக்காக, ஸ்காபரோ மைதானத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். நான் வேறு ஊரான், ஆனால் அந்த ஊரின் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு முதல் கதிரை, முதல் தேநீர். சொல்லுக்கு மட்டும் மதிப்பில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

மூன்று கோடை அந்த அணியோடு மாரடித்தேன். அதில் ஒருவன்தான் உண்மையான ஆட்டக்காரன். ஸ்ரௌவ்வில்லில் இருந்து வருவான். லொறி ஓட்டுபவன், இருபத்தாறு வயது. நான் ஆடிய அதே இடத்தில் ஆடினான், என்னைவிட நன்றாக. பந்து காலுக்கு வருமுன்னரே தலையைத் திருப்பி அடுத்தவனைப் பார்த்துவிடுவான். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. அவனைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வரும்.

அவனுடைய அம்மாதான் அந்த ஊர். அப்பா வேறு ஊர். வழக்கப்படி அப்பாவின் ஊருக்குத்தான் ஒருவன் ஆடலாம். அந்த ஊருக்கு இங்கே அணி இல்லை, ஆகவே எல்லாரும் கண்டும் காணாமல் இருந்தார்கள். போன கோடை நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்ததும் எல்லாருக்கும் கண் தெரிந்துவிட்டது.

சங்கத் தலைவர் என் மனைவிக்குப் பெரியப்பா, எனக்கு மாமா. ஆட்டத்துக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தார்.

“மாப்பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. கப் எடுக்கிற மட்ச். எங்கட பெடியள் விளையாடட்டும்.”

“மாமா, அவன் இல்லாட்டி நடுவிலை ஆர் நிக்கிறது?”

“அதைப் பாக்கத்தானே நீங்கள் இருக்கிறியள்,” என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்து, “நீங்களும் எங்கட ஊர் இல்லைத்தானே. அதை நாங்கள் பாத்தனாங்களோ?” என்றார்.

அப்படியென்றால் நானும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாரம் முழுக்கப் பெட்டி ஏற்றி இறக்குகிறவனுக்கு அந்தக் கோட்டோரம் ஒன்றுதான் மிச்சம். அங்கே நிற்கும்போதுதான் நான் ஏதோ தெரிந்த மனிதன். அதை விட மனம் வரவில்லை. தலையாட்டினேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மைதானத்தில் அவன் காரணம் கேட்டான். சங்கம் சொன்னது என்றால் நான் கோச்சே இல்லை என்றாகிவிடும்.

“தம்பி, உமக்கு ஓட்டம் காணாது. கடைசி இருபது நிமிஷம் நிண்டு பிடிக்க மாட்டீர்,” என்றேன்.

பச்சைப் பொய். ஓட்டம் போதாதவன் அல்ல அவன். பிரான்ஸில் படித்ததையெல்லாம் எடுத்து அதற்குமேல் பூசினேன்.

“ஓகே அண்ணை, உங்களுக்குத்தானே தெரியும்,” என்றுவிட்டுப் போய் மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் உட்கார்ந்தான்.

வென்றோம், அதுதான் கேவலம். ஒரேயொரு கோல், அதுவும் எதிரணிக்காரனின் காலில் பட்டு உள்ளே போனது. எனக்கு மாலை போட்டார்கள். போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் போட்டோவை மனைவி கூடத்தில் மாட்டியிருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

இந்த வசந்தத்தில் முதல் பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் அவன் வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. பனிக்காலம் முழுக்க, லொறி நிறுத்திய இடங்களில் எல்லாம் ஓடினானாம். என்னை நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு, மைதானத்தைச் சுற்றி நிற்காமல் ஓடிக் காட்டினான். முடித்ததும் தொடையில் கையூன்றி, மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து பார்த்தான்.

“இப்ப ஓட்டம் காணுமோ அண்ணை?”

“காணும்,” என்றேன். இந்த வருட அணிப் பட்டியலை மாமா போன கிழமையே எழுதித் தந்துவிட்டார். அது என் சட்டைப் பையில் இருந்தது. அவன் பெயர் அதில் இல்லை.